கார் வரட்டும்

வடக்கனந்தலில் போய்த் தைலம்மாள் என்று விசாரித்தால், "எந்தத் தைலம்மா? பாண்டிச்சேரி தைலம்மாவா?" என்று கேட்பார்கள். பேருக்குத்தான் பாண்டிச்சேரி. அந்த ஊரில் பதினைந்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள், கடலில் கால் நனைத்தது நாலைந்து தரம் இருந்தால் அதிகம். மற்றபடி அவள் கால் ஊறிக் கிடந்ததெல்லாம் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு லாட்ஜின் துவைகல்லடியில்தான். போர்வை, தலையணை உறை, துண்டு. உலகத்தில் இத்தனை பேரா படுத்து எழுந்திருக்கிறார்கள் என்று சில நாள் அவளுக்கே மலைப்பாக இருக்கும்.

ஆசைப்பட்டு அங்கே போனவள் இல்லை. புருஷன் பச்சமுத்து கொத்து வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து செத்தான். பிணத்தை வாங்கப் போனவளுக்கு யாரோ இரக்கப்பட்டு லாட்ஜில் வேலை சொல்லிவிட்டார்கள். ஊரில் நிலமா நீச்சா? மல்லாட்டை பிடுங்கவும் கரும்பு வெட்டவும் கூப்பிட்டால் கூலி, கூப்பிடாவிட்டால் வயிற்றில் ஈரத்துணி. மூன்று வயசு மகள் கலையரசியை அண்ணன் அம்மாசி வீட்டில் விட்டுவிட்டுப் பாண்டிச்சேரியிலேயே தங்கிவிட்டாள். மகளுக்கு அம்மா என்றால் பொங்கலுக்கும் கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்கும் பலகாரப் பொட்டலத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள். பெண் வயசுக்கு வந்தபோதுகூட தண்ணீர் ஊற்றிய மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். "நீ எப்பவுமே லேட்டுதாம்மா" என்று கலையரசி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னால் மட்டும் குத்தாதா என்ன!

அந்தக் கலையரசியைக் கரியாலூரில் டீக்கடை வைத்திருந்த ராசுவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ராசுவும் அவன் தாய் சாலம்மாளும் கீழேயிருந்து மலைக்குப் பிழைக்கப் போனவர்கள். நல்ல பையன், குடி கிடையாது. மாமியாரும் வாய்தான் நீளமே தவிர மனசு சுத்தம். குறை என்றால் மலை ஒன்றுதான். கல்வராயன் மலைக்கு அப்போது ஒரே ஒரு பஸ். ஏறினால் ஏறியது, இறங்கினால் இறங்கியது. ஆஸ்பத்திரி என்றால் கள்ளக்குறிச்சிதான்.

எண்பத்தேழாம் வருஷம் ஆவணியில் கலையரசிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்ப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். பெற்றவள் வளையலும் கட்டுச்சோறுமாக வரவேண்டும். பெண்ணின் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டு, "வாடி வூட்டுக்கு" என்று வாய் திறந்து கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பெண் புருஷன் வீட்டுப் படி இறங்குவாள். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது அவள் வராமல் இறங்கினால், நாதியில்லாதவளைத் துரத்திவிட்டார்கள் என்று ஊர் பேசும். அம்மாசி வீட்டுப் பக்கத்தில் தைலம்மாளுக்கு ஒரு குடிசை இருந்தது. அங்கிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி எட்டிப்பிடிக்கிற தூரம். ஆவணிக் கடைசி வெள்ளிக்கிழமை போய் மகளை அழைத்து வந்துவிடுவது என்று முடிவாகி, வளையல்கூட வாங்கியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மூட்டைக்காரர்கள் குறுக்கே வந்தார்கள்.

முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிகிற வெள்ளைக்காரர்களுக்கு லாட்ஜில் வைத்த பெயர் அது. இந்த ஜோடி ஹாலந்து தேசம். அவன் பெயர் யான், அவள் பெயர் மரிக்கா. இரண்டு நாள் என்று வந்தவர்கள் ஆடி மாதத்திலிருந்து கடைசி அறையை விட்டு நகரவில்லை. காலையில் சூரியன் உதிக்கும் முன்பே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். அப்புறம் தூக்கம். சாயங்காலம் மறுபடியும் அதே கடல். என்னதான் வைத்திருக்கிறது அந்தத் தண்ணீரில் என்று தைலம்மாளுக்கு விளங்கவே இல்லை. ஆனால் அவர்கள்மேல் பிரியம் வந்துவிட்டது. மரிக்கா துவைகல்லுக்கே வந்து பக்கத்தில் குந்திக்கொள்வாள், நுரையை அள்ளி விளையாடுவாள், கனகாம்பரம் வைத்துவிடச் சொல்லித் தலையை நீட்டுவாள். "தைலா, தைலா" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். பேச்சு எல்லாம் கைச்சாடைதான். இரண்டு பேருக்கும் பொதுவாக நாலு வார்த்தை இருந்தால் அதிகம். அதில் ஒன்று டுமாரோ.

வளையலைப் பார்த்துவிட்டு மரிக்கா என்ன ஏதென்று கேட்டாள். தைலம்மாள் வயிற்றின் மேல் கையை வட்டமாக ஓட்டிக் காட்டி, மலை மாதிரிக் கையைக் குவித்துக் காட்டி, அதிலிருந்து அருவி கொட்டுகிற மாதிரியும் காட்டினாள். அருவி என்றதும் மரிக்காவுக்குக் கண் விரிந்தது. யான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். டாக்சி டிரைவர் தெய்வசிகாமணி நடுவில் நின்று மொழிபெயர்த்தான்.

"அக்கா, ஒனக்கு அதிஷ்டம்தான் போ. இவங்க காரு எடுத்துக்கினு கரியாலூரு அருவி பாக்க வராங்களாம். ஒன்னியும் கூட்டிக்கினு போறாங்களாம். திரும்பி வரச்ச ஒம்பொண்ண காருலயே ஒங்க வூட்டாண்ட எறக்கி வுட்டுடறாங்களாம்."

மலையிலிருந்து மகள் காரில் இறங்குவாள்! பஸ்ஸில் இடிபட்டு, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அல்ல. காரில், சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. பதினைந்து வருஷமாகப் பலகாரப் பொட்டலத்தைத் தவிர வேறொன்றும் கொடுக்காத அம்மா இது ஒன்றையாவது கொடுக்கலாம். மலைக்குப் போகிற பஸ் கண்டக்டருக்குக் கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்பினாள்: வெள்ளிக்கிழமை வரவில்லை, இரண்டு நாள் பொறுத்துக் காரில் வருகிறேன் என்று. அந்தச் செய்தி கரியாலூர் போய்ச் சேர்ந்ததும் சாலம்மாள் டீக்கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம், "எங்க சம்பந்தி காருல வராங்க, தெரியுமில்ல?" என்று பீற்றிக்கொண்டதாகப் பின்னால் தெரிந்தது.

லாட்ஜ் மேனேஜர் நாராயணசாமிதான் எச்சரித்தார். "தைலம், இவங்கள நம்பிக்கினு ஒக்காராதே. புரட்டாசி ஒண்ணாந்தேதிலேந்து ஒரு வாரத்துக்கு ரோட்டுல எதுவும் ஓடாதாம், பேப்பர்ல போட்டுக்கினே இருக்கான். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். நீ பஸ்ஸ புடிச்சு மொதல்ல ஊர் போய்ச் சேரு."

"அதுக்கு இன்னும் நாள் இருக்குது சார். கார் வரட்டும்" என்றாள் தைலம்மாள்.

கார் வந்தால்தானே! ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு மரிக்கா, "டுமாரோ, தைலா" என்று கன்னத்தைத் தட்டினாள். திங்கட்கிழமை யானுக்கு வயிறு சரியில்லை. அடுத்த நாள் யாரோ கிதார்க்காரன் கடற்கரையில் பாடுகிறான் என்று போய்விட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு நாளை என்பது சட்டைப் பையில் கிடக்கிற சில்லறை மாதிரி, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தைலம்மாள் கட்டுச்சோற்றுக்கு வாங்கிய புளியையும் வெல்லத்தையும் எடுப்பாள், மறுபடி வைப்பாள். ஆனாலும் காரில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு எந்த முகத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்குவது? அந்தப் பாழாய்ப்போன பெருமையை யார் தலையில் கட்டி அடிக்க!

கடைசியில் அவர்கள் கிளம்பியது புரட்டாசி பிறந்த அன்று காலையில்தான். "சீக்கிரமா போய்ட்டா தப்பிச்சுக்கலாம்" என்றான் தெய்வசிகாமணி. அவன் சொன்னது விழுப்புரம் வரைக்கும் சரியாக இருந்தது.

விழுப்புரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. காயோடும் இலையோடும், வெட்டின வாசனை போகாமல். அதற்கப்பால் இன்னொன்று. அதற்கப்பாலும் தெரிந்தது. மரத்தின் மேல் இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். காரைப் பார்த்ததும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் அறிவுச்செல்வன் என்று ஒரு பையன். பி.ஏ. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அப்பனோடு ஏர் ஓட்டுகிறவன்.

தைலம்மாள் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தம்பி, எம்பொண்ணு நெறமாசமா மலமேல கெடக்கறாப்பா. நான் போய் கூப்புட்டாதான் எறங்குவா. கார வுட்டுடுப்பா."

"இன்னாம்மா பண்றது? ஆம்புலன்ஸா இருந்தாலாவது வுடலாம். நாங்க இன்னா எங்களுக்கா கேக்கறோம்? பொறக்கப்போற ஒம்பேரன் நாளைக்கு படிச்சிட்டு என்ன மாதிரி ஏர் ஓட்டக்கூடாதுன்னுதாம்மா ரோட்டுல ஒக்காந்துகினு இருக்கோம்."

"அவன் பொறக்கறதுக்கு மொதல்ல வழி வுடுப்பா!"

அறிவுச்செல்வன் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். நாற்பது பேர் சேர்ந்து தள்ளினாலும் அந்த மரம் அன்றைக்குள் புரண்டிருக்காது. தள்ளினாலும் உளுந்தூர்பேட்டை வரைக்கும் எத்தனை மரமோ! அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெள்ளக்காரங்கள வெச்சிக்கினு மேல போவாதம்மா. எங்க பசங்க பேசறதோட வுட்டுடுவாங்க, மத்த எடத்துல கண்ணாடிய ஒடச்சிடுவாங்க. போலீஸு சுட்டுட்டாங்கன்னு வேற பேசிக்கறாங்க. நடந்து போறதுன்னா போ, நடக்கறவங்கள யாரும் தடுக்கமாட்டாங்க" என்றான்.

தைலம்மாள் சாலையைப் பார்த்தாள். தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக ஜனங்கள் மரத்தைச் சுற்றி வயலில் இறங்கி ஏறிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். திரும்பிக் காரைப் பார்த்தாள். மரிக்கா இறங்கி வந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர். வெறும் வாய்ப்பேச்சு இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டாள். "டுமாரோ, தைலா. டுமாரோ."

"நாளைக்குள்ள போலீஸு மரத்த எடுத்துப்புடும்க்கா, ஒரு நாளுதானே" என்றான் தெய்வசிகாமணி.

தைலம்மாள் திரும்பவும் காரில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் போலீஸ் எடுக்கவில்லை. நாராயணசாமி ரேடியோவைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இதற்கு மேல் தைலம்மாள் யாரையும் கேட்கவில்லை. வளையலைப் பழைய புடவையில் சுருட்டி, மூட்டையாகக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கட்டுச்சோறு கெட்டுப்போகும் என்று புளியையும் வெல்லத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். மகள் வீட்டில் போய்க் கிளறிக்கொள்ளலாம் என்று நினைப்பு. வாசலில் யானும் மரிக்காவும் நின்று கையாட்டினார்கள். அன்றைக்கு அவளும் ஒரு மூட்டைக்காரிதான்.

எப்படி நடந்தாள், எங்கே படுத்தாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. பால்காரன் ஒருவன் கொஞ்ச தூரம் சைக்கிளில் வைத்து மிதித்தான். களமருதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சோறு போட்டார்கள். வழியில் பழைய மரத்தடிக்கே வந்தபோது அறிவுச்செல்வன் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "நேத்தே போயிருக்கலாமேம்மா" என்றான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். மூட்டையை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்து, கையைப் பிடித்துத் தாண்டவும் விட்டான். அந்த ஒரு வார்த்தை மட்டும் தியாகதுருகம் வரைக்கும் அவள் கூடவே நடந்து வந்தது. எதிரே வருகிற ஆளையெல்லாம் நிறுத்தி, "மலைக்கு பஸ்ஸு ஓடுதா?" என்று கேட்டாள். எல்லோரும் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. வளையல் மட்டும் ஒன்றுகூட உடையவில்லை.

வடக்கனந்தலில் அண்ணன் அம்மாசி அவளைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"எங்க போய் ஒழிஞ்ச நீ? நேத்து உச்சிப்பொழுதுக்கு மாப்ள வந்துட்டு போறாருடி!"

"எதுக்குண்ணே?"

"பொண்ணுக்கு வலி கண்டுடுச்சாம். அத்தை வந்துட்டாங்களான்னு கேட்டுக்கினு அவ்ளோ தூரமும் எறங்கி வந்திருக்காரு. வந்து ஒரு வார்த்த கூப்புட்டுட்டா, கட்டில்ல வெச்சு தூக்கியாந்துடறேன், ஆளுங்க ரெடியா இருக்காங்கன்னாரு. நான் வேணா வரேன் மாப்ளேன்னேன். பெத்தவ இருக்கச்ச நீங்க எப்டி மாமான்னுட்டாரு. நீ இல்லன்னதும் நடுத்தெருவுல ஒக்காந்து அழுதாரு. அப்புறம் எழுந்து ஓடிட்டாரு."

நேற்று. ஒரே ஒரு நாள். விழுப்புரத்து மரத்தடியில் காரில் ஏறாமல் வயலில் இறங்கியிருந்தால், நேற்று உச்சிப்பொழுதுக்கு இந்தத் தெருவில்தான் நின்றிருப்பாள். ராசு வந்து கேட்டிருப்பான், "வாடி வூட்டுக்கு" என்று அவள் சொன்ன சொல்லை அவன் மலைக்குச் சுமந்துகொண்டு போயிருப்பான். இந்தக் கணக்கை அம்மாசியிடம் அவள் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினாள்.

கரியாலூரில் டீக்கடை அடுப்பு மூட்டாமல் கிடந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. சாலம்மாள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தைலம்மாளைப் பார்த்ததும் எழுந்து வந்து, அடிக்கப் போகிறவள் மாதிரி கையை ஓங்கி, அப்படியே அவள் தோளில் விழுந்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா சம்பந்தி? ரோட்ட மூடறதுக்கு மொத நாளே எம்மவன் சொன்னான், கடைசி பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடறேன்னு. நாந்தான் பாவி வேணாம்னேன். அவங்கம்மா காரு எடுத்துக்கினு வராங்க, அவங்க கூப்புடாம அனுப்பினா நல்லாயிருக்காதுன்னேன். ஒம்பொண்ணும் மாட்டேன்னுட்டா. அம்மா வரும், அம்மா வரும்னு அதே பேச்சு. ராசு ஒன்ன தேடிக்கினு கீழ போயி திரும்பறதுக்குள்ள..." சாலம்மாள் மூக்கைச் சிந்தினாள். "ஆம்பளப் புள்ள. அழவே இல்ல சம்பந்தி. தட்டிப் பாத்தோம், கவுத்துப் பாத்தோம். அழவே இல்ல."

தைலம்மாள் உள்ளே போனாள். பாயில் கலையரசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு துணிப்பை, வாயைக் கட்டி வைத்தபடி. அம்மா வந்ததும் கிளம்ப வேண்டுமென்று வெள்ளிக்கிழமையே கட்டிய பை. காலடிச் சத்தம் கேட்டு மகள் திரும்பினாள். அம்மாவின் முகத்தை, வெடித்த காலை, முதுகு மூட்டையைப் பார்த்தாள்.

"காரு எங்கம்மா நிக்குது?" என்று கேட்டாள்.

தைலம்மாள் அவள் கால்மாட்டில் சரிந்து உட்கார்ந்து, மகளின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். முதல் நாளே காரில் திரும்பிப் போன கதையை மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் மகள் மன்னித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை. பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

பச்சை உடம்பு, பஸ்ஸில் இறக்கக்கூடாது என்று மலையிலேயே இருந்துவிட்டார்கள். மறியல் முடிந்தது, மரங்களை இழுத்துப் போட்டார்கள், பஸ் ஓடியது. ராசு மறுபடியும் அடுப்பு மூட்டினான். தைலம்மாள் கிளாஸ் கழுவிக் கொடுத்துக்கொண்டு கிடந்தாள். மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வேலை செய்தார்கள்.

ஒரு நாள் முற்பகலில் டீக்கடை முன்னால் ஒரு கார் வந்து நின்றது. தெய்வசிகாமணி இறங்கினான். பின்னாலிருந்து யானும் மரிக்காவும் குதித்தார்கள். அருவியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள், தலையெல்லாம் ஈரம். மரிக்கா ஓடிவந்து தைலம்மாளைக் கட்டிக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் அப்படிப் பொங்கியது. காரைக் காட்டினாள், கலையரசியைக் காட்டினாள், கீழே சமவெளியைக் காட்டினாள். வா, வா என்று கையசைத்தாள்.

தெய்வசிகாமணிக்கு ஒரு நொடியில் புரிந்துபோயிற்று. தலையைக் குனிந்துகொண்டு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றப் போனான்.

வேண்டாம் என்று தைலம்மாள் எப்படிச் சொல்வாள்? மகளுக்கு உடம்பு தேற வேண்டும், ஆஸ்பத்திரியில் ஒரு தரம் காட்டவும் வேண்டும். கார்தான் வந்திருக்கிறதே! சாலம்மாள்தான் வளையல் சுருட்டை எடுத்து வந்தாள். "பொண்ணு வெறுங்கையோட படி எறங்க வேணாம் சம்பந்தி. போட்டு வுடு" என்றாள். தைலம்மாள் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். மெலிந்துபோன கையில் வளையல் முழங்கை வரைக்கும் ஓடி ஓடி இறங்கியது. பிறகு, கூப்பிட வேண்டிய வார்த்தையைக் கூப்பிட்டாள்.

"வாடி வூட்டுக்கு."

கலையரசி படி இறங்கினாள். கரியாலூர்க்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். பின் சீட்டில் மகள் நடுவில், இரண்டு பக்கமும் தைலம்மாளும் மரிக்காவும். ராசு கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றான்.

கார் கிளம்பியதும் மரிக்கா பையைத் துழாவி ஒரு சின்னத் தொப்பியை எடுத்தாள். மஞ்சள் நூலில் அவளே பின்னியது. கடற்கரையில் உட்கார்ந்து இத்தனை நாளும் பின்னியிருக்கிறாள். அதை விரலில் மாட்டிச் சுழற்றிக் காட்டிவிட்டு, இரண்டு கையையும் தொட்டில் போல ஆட்டி, புருவத்தை உயர்த்திக் கேட்டாள். பிள்ளை எங்கே?

முன்னால் தெய்வசிகாமணி கண்ணாடியில் பார்த்தான், பார்வையைத் திருப்பிக்கொண்டான். கலையரசி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தைலம்மாள் கையால் சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டு கையையும் தூக்கினாள். அதற்குச் சாடை எதுவும் அவளுக்கு வரவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"டுமாரோ, மேடம்" என்றாள்.

மரிக்கா சிரித்தாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, தொப்பியைக் கலையரசியின் மடியில் வைத்து, பத்திரமாக மடித்தும் விட்டாள்.